மூடுபனியை வரைவது எப்படி? காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கின் வழியில் ஒரு தைல வண்ண நிலக்காட்சி

ரொமாண்டிக் கால நிலக்காட்சி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, பாறை உச்சியில் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு மனிதரும் அவர் காலடிக்குக் கீழே பொங்கிக் கிடக்கும் மூடுபனியும்தான். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் (1774–1840) 1817 வாக்கில் வரைந்த அந்தப் பனிக்கடல் படம் இப்போது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் 94.8 செ.மீ., அகலம் 74.8 செ.மீ. அவ்வளவுதான் அளவு. ஆனாலும் அதன் முன் நிற்பவருக்குப் பள்ளத்தாக்கின் விளிம்பில் கால் வைத்ததுபோல் இருக்கும்.

இதைப் பார்த்து வரைய முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் மங்கலாக்கினால் மர்மம் வந்துவிடும் என்று நம்பி, கேன்வாஸ் முழுவதையும் தேய்த்துக் குழப்பிவிடுகிறார்கள். ஃபிரீட்ரிக்கின் படத்தை அருகில் போய்ப் பாருங்கள். முன்னால் உள்ள பாறையில் விரிசல் விரிசலாகத் தெரிகிறது. தொலைவில் உள்ள முகட்டின் கோடும் தெளிவாகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நிலத்தைத்தான் காணவில்லை. பார்ப்பவரின் மனம் போய்த் தவிப்பது அந்தக் காணாத இடத்தில். ஆகவே இந்த வழிகாட்டியில் நாம் கற்கப்போவது, எதை எங்கே, எவ்வளவு மறைப்பது என்பதை.

ஆங்கிலேய ஓவியர் டர்னரின் பாதை வேறு. 1842-இல் அவர் வரைந்த பனிப்புயலில் சிக்கிய நீராவிப் படகுப் படத்தில், தூரிகை வீச்சே புயலாகிவிடுகிறது. அதற்கு வேறொரு வழிகாட்டி தேவை. இங்கே நாம் போவது மெல்லிய பூச்சுகளும் நீண்ட காத்திருப்பும் கொண்ட பாதை. 16×20 அங்குல கேன்வாஸுக்கு நான்கைந்து வாரம் ஆகும். அதில் பெரும்பகுதி வண்ணம் காய்வதற்கான நேரம்.

வாங்க வேண்டியவை

தைல வண்ணத்தில் டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், பர்ன்ட் அம்பர், கோபால்ட் நீலம், அல்ட்ராமரின் நீலம், பெர்மனன்ட் அலிசரின் சிவப்பு ஆகியவை வேண்டும். கறுப்பு வேண்டாம். ஃபிரீட்ரிக் ஸ்மால்ட் என்ற நீலத்தைப் பயன்படுத்தியவர். கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை அரைத்துச் செய்வது அது. நமக்குக் கோபால்ட் நீலம் போதும்.

பிரஷ் என்றால், வானத்துக்கு ஒன்றரை அங்குலப் பன்றிமுடி பிளாட் ஒன்று, மலைகளுக்கு அரை அங்குல பிளாட் இரண்டு, பாறைக்கும் மனித உருவத்துக்கும் நுனி கூரான 1, 2 எண் வட்டப் பிரஷ்கள். கூடவே மிக மென்மையான, எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டிய மாப் பிரஷ் ஒன்று. லின்சீட் ஆயில், டர்பெண்டைன், பேலட் கத்தி, பழைய பருத்தித் துணி ஆகியவற்றோடு இன்னொன்றும் தேவை: 50 கிராம் கால்சியம் கார்பனேட் பொடி. பனியின் ரகசியம் அந்தப் பொடியில் பாதி இருக்கிறது. பள்ளிக்கூட சாக்பீஸை இடித்துப் போடாதீர்கள். அது பெரும்பாலும் ஜிப்சம்.

முதலில் பென்சில், பிறகுதான் இடம்

ஃபிரீட்ரிக்கின் பனிக்கடல் ஒரே இடத்தில் நின்று பார்த்த காட்சியல்ல. டிரெஸ்டனுக்குத் தென்கிழக்கே எல்பே ஆற்றங்கரையில் உள்ள மணற்கல் மலைகளில் அலைந்து, பாறையை ஒரு நாள், மரத்தை ஒரு நாள், முகட்டை ஒரு நாள் என்று பென்சிலால் தனித்தனியே வரைந்து வைத்துக்கொண்டார். பின்னால் ஓவிய அறையில் அவற்றைச் சேர்த்தார். அந்த மனிதர் நிற்கும் பாறைக்கான வரைபடம் 1813-இல் கைசர்குரோன என்ற குன்றில் எடுத்தது. படமோ நான்கைந்து ஆண்டுகள் கழித்து வந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு பாறை, ஒரு மரம், மூன்று முகடுகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, கண்மட்டக் கோடு எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பலர் சறுக்குவது கண்மட்டத்தில்தான். பாறையை நின்றுகொண்டும் மலையைப் பள்ளத்திலிருந்து அண்ணாந்தும் வரைந்துவிட்டு இரண்டையும் ஒட்டினால், எத்தனை அழகாகப் பூசினாலும் மலை காற்றில் தொங்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே கண்மட்டக் கோட்டில் பொருத்துங்கள்.

வானத்துக்கு இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் நல்ல வழிகாட்டி. 1821, 1822-இல் ஹாம்ஸ்டெட் குன்றில் மேகங்களை வரைந்தபோது, பல தாள்களின் பின்புறம் நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதி வைத்தார். அதிகாலைப் பனிக்கு இந்தப் பழக்கம் மிகவும் உதவும். அரைமணி நேரத்தில் எல்லாம் மாறிவிடும்.

நீக்குதல்

துண்டுகளைச் சேர்த்து, தீப்பெட்டி அளவில் ஆறு சிறு வரைபடங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் முந்தையதைவிட ஒரு பொருளாவது குறைந்திருக்க வேண்டும்.

இதற்கு ஃபிரீட்ரிக்கின் கடலோரத் துறவி படத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 1808 முதல் 1810 வரை வரைந்த படம் அது. அகலம் 171.5 செ.மீ., உயரம் 110 செ.மீ. கீழே வெளிறிய ஒரு மணல் பட்டை, அதன்மேல் கறுத்த கடல் ஒரு கீற்று, மிச்சமெல்லாம் வானம். சில ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் அதைச் சீரமைத்தபோது அகச்சிவப்புக் கதிரால் அடியில் உள்ள கோடுகளைப் பார்த்தார்கள். அங்கே கப்பல்கள் இருந்தன. முதலில் போட்டவர், பிறகு மறைத்துவிட்டார். கப்பல் இருந்திருந்தால் நம் கண் அதைப் பற்றிக்கொண்டு, 'ஓ, துறைமுகம்' என்று நிம்மதி அடைந்திருக்கும். இப்போது பற்றிக்கொள்ள எதுவுமில்லை.

உங்கள் சிறு வரைபடத்தில் முன்னிலத்தையும் மலையையும் இணைக்கும் பாதை, ஓடை, வேலி எது இருந்தாலும் அழித்துவிடுங்கள். மற்ற நிலக்காட்சிகளில் பார்ப்பவரைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போவதே அந்தப் பாதைதான். இந்த வகைப் படத்தில் அது இருக்கவே கூடாது.

பனியின் கணக்கு

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

பனி எல்லாவற்றையும் ஒரே அளவில் வெளிறச் செய்வதில்லை. சம தூரத்துக்குச் சம விகிதத்தில் குறைக்கிறது. நூறு மீட்டரில் ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு பாதியாகிறது என்றால், இருநூறு மீட்டரில் கால்பங்கு, முந்நூறில் அரைக்கால் பங்கு. இதை அப்படியே வண்ணத் தட்டில் கொண்டுவரலாம். வெள்ளை 1, கறுப்பு (அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கலந்த கருமை) 9 என்று ஒன்பது படி சாம்பல் அளவுகோல் ஒன்றை அட்டையில் பூசி வைத்துக்கொள்ளுங்கள். அடிவானத்தை 2-இல் வையுங்கள். முன்னிலப் பாறை 8. வேறுபாடு 6. அடுத்த குன்றுக்கு வேறுபாடு 3, அதாவது 5-ஆம் படி. அதற்கு அடுத்தது 3.5. கடைசி முகடு 2.75.

இந்தக் கணக்கில் 6, 7 என்ற படிகளில் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாறையிலிருந்து முதல் குன்றுக்கு ஒரேயடியாக மூன்று படி தாவுகிறோம். மாடிப்படியில் இருட்டில் ஒரு படி குறைந்தால் வயிற்றில் ஒரு பகீர் வருமே, அதைத்தான் கண் இங்கே உணர்கிறது. 8, 6.5, 5, 3.5 என்று சம இடைவெளியில் வைத்தால் படம் காகிதத்தை வெட்டி அடுக்கியதுபோல் தட்டையாகிவிடும். 'ஆழம் வரவில்லை' என்று வருந்துபவர்களின் படங்களை அளந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கும்.

பள்ளத்தாக்குப் பனி கீழே தேங்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு மலையிலும் முகடுதான் அதிகக் கருமை. அடிவாரம் கரைந்து போகும்.

கேன்வாஸும் கோடுகளும்

கடையில் கிடைக்கும் கேன்வாஸ் ஏற்கெனவே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடித்தளப் பூச்சு பூசியதாக இருந்தாலும் அதன் நெசவு இந்த வேலைக்கு முரடு. மெல்லிய பனிப்பூச்சு நெசவின் மேடுகளில் மட்டும் ஒட்டி, புள்ளி புள்ளியாக நிற்கும். ஆகவே இன்னும் இரண்டு கை ஜெஸ்ஸோ பூசுங்கள், ஒன்று குறுக்காக, ஒன்று நெடுக்காக. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளால் தேயுங்கள். வழவழவென்று மின்னும்வரை தேய்க்கக்கூடாது. வண்ணம் பிடிக்க விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பு தெரிய வேண்டும். மூன்று நாள் விடுங்கள்.

ஃபிரீட்ரிக்கின் நண்பரும் மருத்துவருமான கார்ல் குஸ்தாவ் காருஸ் அவர் வேலை செய்யும் விதத்தை எழுதி வைத்திருக்கிறார். படம் மனதில் முழுமையாக நின்ற பிறகுதான் கேன்வாஸைத் தொடுவாராம். முதலில் சாக்கட்டியாலும் பென்சிலாலும் லேசாக, பிறகு நாணல் பேனாவும் மையுமாகத் துல்லியமாக, அதன் பிறகே அடிவண்ணம். கெர்ஸ்டிங் என்ற ஓவியர் 1811-இல் ஃபிரீட்ரிக்கின் ஓவிய அறையையே ஒரு படமாக வரைந்தார். கிட்டத்தட்ட காலியான அறை. ஜன்னலின் கீழ்ப்பாதி அடைத்திருக்கிறது. சுவரில் டி-ஸ்கொயரும் முக்கோண அளவுகோலும் தொங்குகின்றன. மர்மத்தை வரைந்த மனிதர் ஒரு கட்டடப் பொறியாளரைப்போல அளந்து வேலை செய்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கேன்வாஸில் கண்மட்டக் கோட்டை அளவுகோல் வைத்துப் போடுங்கள். 16 அங்குல உயரத்தில் கீழிருந்து ஆறு அங்குலம் சரியாக இருக்கும். பாறைக்கும் மலைகளுக்கும் எச்.பி. பென்சில் போதும். மை என்றால் நீர்புகாத பிக்மென்ட் மையை நீர்த்துப் போடுங்கள். பால்பாயிண்ட், மார்க்கர் கோடுகள் எண்ணெய் வழியே ஊறி, வருடம் கழித்து வானத்தில் ஊதாவாக எட்டிப் பார்க்கும்.

பழுப்பு அடிப்பூச்சு

பர்ன்ட் அம்பரை டர்பெண்டைனில் தேநீர் நிறத்துக்குக் கரைத்து, பாறையையும் மலைகளையும் மட்டும் ஒளி-நிழலாகப் பூசுங்கள். வானத்தை வெள்ளையாக விடுங்கள். அம்பரில் உள்ள மாங்கனீஸ் வண்ணத்தைச் சீக்கிரம் உலர்த்தும். ஓரிரு நாளில் அடுத்த வேலைக்குப் போகலாம்.

மலைகளை அடிவாரம் வரைக்கும் முழுதாகப் பூசிவிடுங்கள். பனியில் மறையப்போகும் பகுதியும் வேண்டும். ஏன் என்பது பனிப் பகுதியில் தெரியும்.

வானம்

வானத்துக்கு மொத்தம் 15 முதல் 20 மில்லி வண்ணம் தேவைப்படும், அதாவது மூன்று நான்கு டீஸ்பூன். நடுவில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் கிடைக்காது, கூடுதலாகவே கலந்துகொள்ளுங்கள்.

அடிவானக் குவியல்: வெள்ளை 12 பங்கு, யெல்லோ ஓக்கர் 1 பங்கு.
நடுக் குவியல்: வெள்ளை 10 பங்கு, அலிசரின் ஒரு கடுகளவு, ரா அம்பர் ஒரு கடுகளவு.
மேல் குவியல்: வெள்ளை 6 பங்கு, கோபால்ட் நீலம் 1 பங்கு, ரா அம்பர் அரைப் பங்கு.

நடுக் குவியல் எதற்கு? மஞ்சளையும் நீலத்தையும் நேரே சேர்த்தால் நடுவில் பச்சை வந்துவிடும். இடையே வைக்கும் அந்த ரோஜாச் சாம்பல் அதைத் தடுக்கிறது.

அடிவானத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள். வெளிரிலிருந்து கருமைக்குப் போனால் பிரஷ் அழுக்காவது குறையும். பட்டைகளைக் கிடைமட்டமாகப் போட்டு, எல்லைகளில் பன்றிமுடிப் பிரஷால் எக்ஸ் எக்ஸாகக் குறுக்கே கலந்து, கடைசியில் உலர்ந்த மாப் பிரஷின் நுனியால் காற்று தொடுவதுபோல் தடவுங்கள். நாலைந்து தடவலுக்கு ஒருமுறை பிரஷைத் துணியில் துடைக்க மறக்காதீர்கள். பட்டை பட்டையாகத் தெரிந்தால் வண்ணம் போதவில்லை என்று அர்த்தம். வழுக்கிக்கொண்டு கலையாமல் போனால் எண்ணெய் அதிகம். ஐந்து நாள் முதல் ஒரு வாரம் காயட்டும். மழைக்காலமென்றால் பத்து நாள்கூட ஆகும்.

மலைகள்

கடைசி முகட்டிலிருந்து முன்னோக்கி வாருங்கள். மேல் வானக் கலவையோடு சிறிது அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்த்தால் எல்லா மலைக்குமான சாம்பல் நீலம் கிடைக்கும். அளவுகோல் அட்டையை அருகில் வைத்து, கணக்கில் வந்த எண்ணைவிட அரைப்படி கருமையாகப் பூசுங்கள். பனிப்பூச்சு அதை வெளிறச் செய்துவிடும். முகட்டின் கோடு கூர்மையாக இருக்கட்டும், அதைத் தேய்க்காதீர்கள். இதுவும் நன்றாகக் காய வேண்டும்.

பனி

விறகடுப்புப் புகையைக் கவனித்திருப்பீர்கள். கருத்த கதவுக்கு முன்னால் எழும்போது அது நீலமாகத் தெரியும். அதே புகை கூரைக்கு மேலே போய் வெளிச்சமான வானத்தின் முன் வந்ததும் பழுப்பாகிவிடும். புகை மாறவில்லை, பின்னணிதான் மாறியது. ஜெர்மானியக் கவிஞர் கோதே 1810-இல் வெளியிட்ட நிறங்களைப் பற்றிய நூலில் இந்த விளைவுக்குப் பெரிய இடம் தந்தார். தைல வண்ணத்திலும் இதுவே நடக்கிறது. காய்ந்த கருமைமேல் மெல்லிய வெள்ளையைத் தேய்த்தால் அது குளிர்ந்த நீலச் சாம்பலாகும். ஓவியர்கள் இதை ஸ்கம்பிள் என்பார்கள்.

அதனால்தான் அடிவாரத்தையும் கருமையாகப் பூசச் சொன்னோம். அடியில் கருமை இல்லாவிட்டால் பனி சுண்ணாம்பாகத் தெரியும். பனிக் கலவையில் நீலம் சேர்க்கவும் வேண்டாம். அது தானாக வரும், தானாக வருவதற்கு நிகராக எந்த டியூப் நீலமும் வராது.

இரண்டு டீஸ்பூன் கால்சியம் கார்பனேட் பொடியில் லின்சீட் ஆயிலைத் துளித்துளியாக விட்டு, பேலட் கத்தியால் பற்பசைப் பதத்துக்கு அரையுங்கள். காய்ந்தபோது வெள்ளையாக இருந்த பொடி எண்ணெய் பட்டதும் கிட்டத்தட்டக் கண்ணாடிபோல் ஆகிவிடும், நனைந்த வெள்ளை வேட்டி உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுப்பதைப் போல. டைட்டானியம் வெள்ளை 1 பங்கு, இந்தப் பசை 1 பங்கு, யெல்லோ ஓக்கர் கடுகளவு. பனி தயார். டைட்டானியத்தைத் தனியாகப் போட்டால் அது சுவர் பூசியதுபோல் மூடிவிடும். ஜிங்க் வெள்ளை இயல்பாகவே மெல்லியது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். எண்ணெயில் அது நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்று வெடிக்கும், தவிர்த்துவிடுங்கள்.

அரை அங்குலப் பிரஷில் ஒரு மிளகளவு எடுத்து, பாதியைத் துணியில் துடைத்துவிட்டு, அடிவாரத்தில் வைத்து மேல்நோக்கி வட்டமாகத் தேயுங்கள். மேலே போகப் போக அழுத்தம் குறைய வேண்டும். மேல் விளிம்பை விரல் நுனியால் தட்டிக் கரையுங்கள். மூன்று நாள் காயவிட்டு இரண்டாவது பூச்சு, இந்த முறை முதலாவதைவிடத் தாழ்ந்த உயரத்தில். பிறகு மூன்றாவது, இன்னும் தாழ்ந்து. இப்படி அடுக்கினால் பனி அடியில் அடர்ந்து மேலே கலையும். ஒரே நாளில் முடிக்க நினைத்து ஈரத்தின்மேல் தேய்த்தால் அடிக்கருமை கரைந்து எழும்பி, பனி சேறாகிவிடும்.

பனி பஞ்சு மூட்டைபோல் தெரிகிறதா? இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வானத்தைவிடப் பனி வெளிராகிவிட்டது. அடிவானமே படத்தின் மிக வெளிரான இடம், பனி அதற்குக் கால்படி கீழே நிற்க வேண்டும். இரண்டு, எல்லாப் பக்கமும் விளிம்பு ஒரே மென்மையாக இருக்கிறது. ஒரு இடத்தில் பாறை முனை பனியைக் கூர்மையாகக் கிழித்துக்கொண்டு வரட்டும், பக்கத்தில் பனி கரையட்டும்.

பாறையும் மனிதரும்

முன்னிலக் கருமைக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சரிபாதி. டியூப் கறுப்பு ஓட்டை விழுந்ததுபோல் தெரியும், இந்தக் கலவைக்கு உள்ளே காற்று இருக்கும். பாறையின் விரிசல், பாசி, காய்ந்த புல் எல்லாவற்றையும் உங்களால் முடிந்த துல்லியத்தோடு வரையுங்கள். அருகே உள்ளதை நம்பினால்தான் தொலைவில் காணாததையும் நம்புவார்கள்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஆழ்ந்த பழுப்புக்குப் பலர் பிட்டுமன் என்ற நிலக்கீல் வண்ணத்தை நாடினார்கள். அது ஒருபோதும் முழுதாகக் காயாது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் மெதூசா தெப்பம் என்ற படம் இன்று இருண்டு கிடப்பதற்கு அதுவே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

மனித உருவம் கடைசியில் வரும். 40 செ.மீ. உயரப் படத்தில் மூன்றரை முதல் நான்கு செ.மீ. போதும். முதுகு நமக்கு, தலை வெளிரான பனியின்மேல் கறுப்பாக. முகம் தெரிந்தால் படம் அவருடையதாகிவிடும். முதுகு தெரிந்தால் நாம் அவர் இடத்தில் நிற்போம். ஹாம்பர்க் படத்தில் இருபுறமும் சரிந்து வரும் மலைக்கோடுகள் அந்த மனிதரின் மார்பருகே வந்து சேர்வதைப் பாருங்கள். வரைந்து முடித்ததும் உருவத்தைக் கட்டைவிரலால் மறைத்து, பிறகு விரலை எடுங்கள். உருவம் வந்ததும் மலை பெரிதாக வேண்டும். மாறாக மனிதர் மட்டும் கண்ணில் விழுந்தால் அவர் அளவைக் குறையுங்கள்.

மனிதர் இல்லாமலும் இது முடியும். 1823–24-இல் ஃபிரீட்ரிக் வரைந்த பனிக்கட்டிக் கடலில், அடுக்கடுக்காக நிமிர்ந்த பனிப்பாளங்களுக்கு வலப்புறம் ஒரு கப்பலின் பின்பகுதி மட்டும் நசுங்கிக் கிடக்கிறது. முதல் பார்வையில் அது கண்ணுக்கே படாது. அந்தப் பாளங்களுக்கு அவர் மாதிரியாக வைத்துக்கொண்டது 1820–21 குளிர்காலத்தில் எல்பே ஆறு உறைந்தபோது எடுத்த எண்ணெய் வரைவுகள். படம் அவர் வாழ்நாளில் விற்கவில்லை.

முடிக்கும்போது

எல்லாம் காய்ந்தபின் முழுப் படத்துக்கும் ஒரு மெல்லிய கிளேஸ், அதாவது அடியில் உள்ளது தெரியும்படியான வண்ணப்பூச்சு, கொடுக்கலாம். லின்சீட் ஆயில் 1 பங்கு, டர்பெண்டைன் 1 பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு கடுகளவு. பூசிய உடனே துணியால் முக்கால்வாசியைத் துடைத்தெடுங்கள். தனித்தனியாக நின்ற பூச்சுகள் ஒரே காற்றுக்குள் வந்துவிடும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்ற வரிசையை மட்டும் எங்கேயும் மாற்றாதீர்கள். மாறினால் மேல் பூச்சு வெடிக்கும்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடக்கூடாது. லின்சீட் ஆயில் காயும்போது சூடு உண்டாகும், குவியலாகக் கிடந்தால் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோதான் எறிய வேண்டும். டர்பெண்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

படத்தை இருட்டறையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்காதீர்கள். வெளிச்சம் படாத லின்சீட் ஆயில் மஞ்சளாகும், முதலில் கெடுவது பனிதான். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள சுவரில் ஆறு மாதம் தொங்கவிட்டு, அதற்குப் பிறகு மேட் வார்னிஷ் அடியுங்கள். பளபள வார்னிஷில் அறையின் விளக்கும் ஜன்னலும் பிரதிபலிக்கும், பள்ளத்தாக்குக்குள் கண் இறங்கவே இறங்காது.